நிறைந்தே இருந்த புல் வலை

மனைவி இறந்த அன்று குதிரைக்காரர் அழவில்லை. இதை அவரைவிட அவருடைய தெருதான் அதிகமாகக் கவனித்தது. உள்ளே வந்து எட்டிப் பார்த்தவர்கள் வெளியே போய், "மனுஷன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு" என்றார்கள். டயர் கடைக்காரர் அதைப் பாராட்டாகச் சொன்னார். மாடிவீட்டு அம்மாள் குறையாகச் சொன்னார். இரண்டும் அவர் காதில் விழுந்தன. காதுக்கு அப்புறம் எங்கும் போகவில்லை, அவ்வளவுதான்.

நடந்ததும் ஏதோ சின்ன விஷயம் மாதிரிதான் நடந்தது. காலையில் அடுப்படியில் முட்டையை உடைத்துக்கொண்டிருந்தவள், தலையை என்னமோ செய்கிறது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் வாசலில் குனிந்து வேலைக்குப் போட்டுப்போகும் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் மாட்டியாகிவிட்டது. இன்னொரு காலையும் மாட்டிவிட்டுத் திரும்பினார். அதற்குள் முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்ததும், டாக்டர் உதட்டைப் பிதுக்கியதும், வெளியூரிலிருந்து மகள் ஓடிவந்ததும் யாரோ வீட்டில் நடப்பதுபோல அவர் முன்னால் நடந்தன. மகள் தனக்கும் அழுதாள், அவருக்கும் சேர்த்து அழுதாள். திரும்பிப் போகும்போது மாடிவீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். "அப்பா தேறிட்டாரு. நான்தான் சும்மா பயந்துட்டு இருந்தேன்."

தேறிவிட்டார் என்பதற்கு என்ன அடையாளம்? நேரத்துக்கு எழுந்தார். சட்டையைத் துவைத்துப் போட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னார். பதில் என்றால் ஒரே பதில்தான். அம்மாவின் துணிமணிகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா, சரி. கட்டிலை இந்தப் பக்கம் நகர்த்திப் போடலாமா, சரி. கடையில் அவர் கேட்ட ரொட்டி இல்லை, வேறு தரட்டுமா, சரி. அழாமல், சண்டை போடாமல், எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற துக்கக்காரர் ஊருக்கு எவ்வளவு சௌகரியம்! எல்லோரும் நிம்மதியாகத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அவரும் தன் வேலையைப் பார்க்கப் போனார். ஊர் ஓரத்தில், கிடங்குகளுக்கு அப்பால் இருந்த குதிரையேற்றப் பள்ளியில் வேலை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து மணல் திடலில் வட்டமடித்துவிட்டுப் போகும் இடம். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை மர அறைகள், நடுவே சிமெண்டுத் தளம், கோடியில் காய்ந்த புல் கட்டுகளை அடுக்கிவைக்கும் கொட்டகை. வாலிபத்தில் புல் லாரியோடு கட்டு இறக்க வந்தவர் அவர். லாரி போய்விட்டது, அவர் தங்கிவிட்டார். இப்போது பாதிக் குதிரைகள் அவர் பொறுப்பு. மீதிப் பாதி சேணம் தைக்கிற பெண்ணின் பொறுப்பு. முன்பு பை தைக்கும் தொழிற்சாலையில் இருந்தவள் அவள். வாய் கொஞ்சம் நீளம், கை படு சுத்தம். இருவருக்கும் மேலே முதலாளியம்மா. அவருக்குக் குதிரையைப் பற்றி எல்லாம் தெரியும், குதிரைக்காரருக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் தெரியும் என்பதும் தெரியும்.

அங்கிருந்த குதிரைகளில் மூத்தவள் மகாராணி. வெள்ளை நிறம், முதுகு நடுவில் குழி விழுந்திருக்கும். இப்போது யாரும் அவள்மேல் ஏறுவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைச் சுமந்தவள் என்பதால், முதலாளியம்மா உட்காரவைத்துச் சோறு போடுகிறார். குதிரைக்காரர் வீட்டில் ஒரு வாரத்தில் பேசுவதை மகாராணியிடம் ஒரே காலையில் பேசித் தீர்த்துவிடுவார். ஒருநாள் அவர் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைக் கொண்டுவந்த மனைவி, அவர் மகாராணியின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். இடுப்பில் கைவைத்துக் குதிரையை மேலும் கீழும் அளந்தாள். "ஓ, என் சக்களத்தி இவதானா? பரவால்ல, லட்சணமாத்தான் இருக்கா" என்றாள். அதன் பிறகு அவர் நேரம் கழித்து வீட்டுக்கு வந்தால், "மூத்தாள் விடலையாக்கும்?" என்றுதான் கதவைத் திறப்பாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பார்த்துப் பொறுக்கி எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். இது லாயத்துக்குப் பெருமை, கடைக்காரர்களுக்குத் தலைவலி. வாளி வாங்கப் போனால் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் தேடுவார். கயிறு வாங்கப் போனால் முனையைப் பிரித்து இழையைப் பல்லில் வைத்து இழுப்பார். பிரஷ் வாங்கப் போனால் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். "எல்லாத்தையும் இப்படி உருட்டிப் புரட்டிப் பாப்பீங்க. என்ன ஒருத்தியத்தான் பாக்காம கட்டிக்கிட்டீங்க" என்பாள் மனைவி. "பாத்திருந்தா கட்டியிருப்பேனா?" என்பார் அவர். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வேடிக்கைதான். ஆனாலும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

வலை விஷயம் குளிர் ஆரம்பித்தபோது வந்தது. வெளியே பச்சை இல்லாமல் போனதால் குதிரைகளுக்குக் காய்ந்த புல்தான் கதி. குதிரை நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்கவேண்டிய பிராணி. வயிற்றில் அமிலம் ஊறுவது நிற்பதே இல்லை, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் விழுந்துகொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. தரையில் மொத்தமாகக் கொட்டினால் அவசர அவசரமாகத் தின்று தீர்த்துவிட்டு, மிச்சப் பொழுதெல்லாம் வெறும் வயிற்றோடு கதவுக் கட்டையைக் கடித்துக்கொண்டு நிற்கும். பீப்பாய் என்று பெயர் வாங்கிய குட்டைக் குதிரை அப்படி விழுங்கித்தான் வயிற்றுவலி வந்து தரையில் உருண்டது. அதைப் பார்த்துப் பயந்துபோன முதலாளியம்மா வலைக்காரனை வரச்சொன்னார். சின்ன ஓட்டைகள் உள்ள வலைக்குள் புல்லை அடைத்துத் தொங்கவிட்டால், குதிரை உதட்டாலும் பல்லாலும் ஒவ்வொரு இழையாக உருவித்தான் தின்னமுடியும். ஒரு மணி நேரத்தில் காலியாகிற புல் அரை நாள் வரும்.

வலைக்காரன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, தார்ப்பாயை விரித்து, கறுப்பும் பச்சையும் நீலமுமாக வலைகளைக் கடை பரப்பினான்.

"நீங்களே பாத்து எடுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் முதலாளியம்மா.

பழைய குதிரைக்காரராக இருந்திருந்தால் அன்றைக்கு அந்த வலைக்காரனுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கும். ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்திருப்பார், கைமுட்டியை விட்டுப் பார்த்திருப்பார். முடிச்சைத் தன் உதட்டின் உட்பக்கம் வைத்து உரசியிருப்பார், ஏனென்றால் முடிச்சு கரடுமுரடாக இருந்தால் குதிரையின் ஈறு புண்ணாகும். பருத்திக் கயிறாக இருந்தால் வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்திருப்பார், நனைந்தால் சுருங்கி ஓட்டை பாதியாகிவிடும். பீப்பாய் மாதிரி விழுங்கிகளுக்கு இரண்டு விரல் ஓட்டை, இளம் குதிரைகளுக்கு அதைவிடப் பெரியது என்று ஆளுக்குத் தகுந்தாற்போல் பிரித்திருப்பார். மகாராணிக்குப் பின்பற்கள் பாதி இல்லை, உதட்டில் பிடிமானம் இல்லை. அவளுக்கு முட்டி நுழைகிற ஓட்டை வேண்டும், இல்லாவிட்டால் வலையே வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டிருப்பார். அப்புறம் காலில் லாடம் அடித்த குதிரைகளுக்கு வலையை எந்த உயரத்தில் கட்டினால் குளம்பு மாட்டிக்கொள்ளாது என்று ஒரு பிரசங்கம் வேறு இருந்திருக்கும்.

அன்று அவர் தார்ப்பாய் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதையும் தொடவில்லை. தொட்டால் என்ன தெரியும் என்பதே அவருக்கு ஞாபகம் வரவில்லை.

வலைக்காரன் ஒரு கறுப்பு வலையைத் தூக்கிக் காட்டினான். "இருக்கறதுலயே சின்ன ஓட்டை இதுதான் சார். ஓட்டை எவ்வளவு சின்னதோ அவ்வளவு மெதுவா தின்னும். எல்லாத்துக்கும் இதையே போட்டுடலாமா?"

"சரி" என்றார்.

சற்றுத் தள்ளி உட்கார்ந்து கிழிந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்த சேணக்காரி தலையை நிமிர்த்தினாள். "மகாராணிக்குமா அண்ணே?"

"சரி."

அவள் ஊசியை நிறுத்தி அவரைப் பார்த்தாள். மகாராணியைப் பற்றி அவருக்குச் சொல்ல நாம் யார் என்று நினைத்துக்கொண்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

வலைகள் ஏறின. இளம் குதிரைகள் முதலில் வலையோடு மல்லுக்கு நின்றன. முட்டின, இழுத்தன, காலால் உதைத்தன, பிறகு வழிக்கு வந்தன. பீப்பாய்க்குத்தான் பெரிய அவமானம். வலையை முறைத்துப் பார்ப்பதும், ஒரு இழை உருவுவதும், சலித்துக்கொள்வதுமாக நாள் முழுக்க அதற்கு வேலை இருந்தது. கதவைக் கடிக்கிற சத்தம் நின்றுபோனது. முதலாளியம்மா வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

மகாராணி மல்லுக்கு நிற்கவில்லை. வலையை உதட்டால் தடவிப் பார்த்தாள். ஏதோ கொஞ்சம் உருவினாள், மென்றாள், பாதி மென்ற புல் உருண்டையாகத் தரையில் விழுந்தது. இன்னொரு முறை முயன்றாள். பிறகு வலைக்கு முன்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். வாயில்லா ஜீவன், யாரிடம் போய்ச் சொல்லும்?

காலையில் குதிரைக்காரர் புல் நிரப்ப வரும்போது மற்ற வலைகள் சுருங்கித் தொங்கும். மகாராணியின் வலை நிறைந்திருக்கும். மேலே ஒரு பிடி புதுப் புல்லைத் திணித்துவிட்டு அடுத்த அறைக்குப் போவார். தரையில் கிடந்த புல் உருண்டைகளைக் கூட்டி அள்ளுவார். அவள் அறையில் லத்தி குறைந்துகொண்டே வந்தது, அதையும் அவர்தான் அள்ளினார். தள்ளுவண்டி லேசாகத்தான் இருந்தது. கண் பார்த்தது, கை செய்தது, உள்ளே யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் எல்லாக் குதிரைக்கும் வைக்கிற தவிட்டுக் கூழை மட்டும் அவள் நக்கித் தீர்த்துவிட்டுப் பாத்திரத்தை உருட்டுவாள். உயிர் அதில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மூத்தவ எப்படி, வலைக்குப் பழகிட்டாளா?" என்று முதலாளியம்மா ஒருமுறை கேட்டார்.

"பழகிட்டா. ரொம்ப நிதானமா சாப்பிடறா."

"பாத்தீங்களா? வலை எப்பவும் நிறைஞ்சே இருக்கு. இவ ஒருத்திக்குத்தான் உண்மையிலேயே மெதுவா திங்கத் தெரியுது" என்றார் அவர் சந்தோஷமாக.

எவ்வளவு மெதுவாகத் தின்கிறதோ அவ்வளவு நல்லது என்று தீர்மானித்துவிட்ட இடத்தில், தின்னாமலே இருக்கிற குதிரை நல்ல பிள்ளையாகிவிடுகிறது. குதிரையே பார்த்திராதவன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான், வலை நிறைந்திருக்கிறதே, பசிக்கவில்லையா என்று கேட்டிருப்பான்.

குளிருக்கு அவள் உடம்பில் முடி அடர்ந்திருந்தது. அதன்மேல் கனமான போர்வை வேறு. உள்ளே உடம்பு கரைந்துகொண்டிருந்தது வெளியே தெரியவில்லை. தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டர் போர்வையை விலக்கியபோதுதான் தெரிந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி இருந்தது. முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் அவள் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார், முதுகெலும்பைத் தடவினார்.

"ஒழுங்கா சாப்பிடறாளா?"

"சாப்பிடறா. மெதுவா" என்றார் குதிரைக்காரர்.

"எப்பவும் முன்னாடி புல் இருக்கு டாக்டர். காலியானதே இல்ல" என்றார் முதலாளியம்மா.

டாக்டர் யோசித்தார். "சாப்பிட்டும் உடம்புல ஒட்டலன்னா உள்ள ஏதோ அரிச்சுட்டிருக்கு. வயசும் ஆச்சு. இந்தக் குளிரைத் தாண்டுவான்னு எனக்குத் தோணல. விழுந்து, எழுந்திருக்க முடியாம கிடந்து சாகறதுக்கு முன்னாடி, ஊசி போட்டு அமைதியா அனுப்பிடறது நல்லதும்மா."

முதலாளியம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. குதிரைக்காரர் பக்கம் திரும்பினார். "என்னவிட உங்களுக்குத்தான் அவ சொந்தம். நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் செய்யல. என்ன சொல்றீங்க?"

அவர் மகாராணியைப் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றார்.

அன்று சாயங்காலம் மகள் போனில் பேசியபோது இதையும் சொன்னார், கடையில் ரொட்டி தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல. மகள் பதறினாள். "ஐயையோ, மகாராணிக்கா? உங்களுக்கு மனசுக்கு எப்படிப்பா இருக்கு?" அவர் உள்ளே தேடிப் பார்த்தார். பூட்டிப்போட்ட வீட்டில் ஆளைத் தேடுகிற மாதிரி இருந்தது. "தெரியலம்மா" என்றார்.

ஊசி போடுகிற நாள் காலையில் அவர் வழக்கம்போல வந்தார். டாக்டர் வருவதற்குள் குதிரையைத் துடைத்துத் தயாராக வைக்கவேண்டும். அறை காலியாகப்போகிறது என்பதால் வலையைக் கழற்றிவிடச் சொல்லியிருந்தார்கள். முடிச்சு இறுகிப்போய்க் கைக்கு வரவில்லை, கத்தியால் அறுத்தார். நல்ல புல்லை ஏன் வீணாக்கவேண்டும், பீப்பாயின் வலைக்கு ஆகும் என்று வலையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். அடிப்பக்கத்துப் புல் வெளியே வர மறுத்தது. அது வலை மாட்டிய அன்றே திணித்த புல். கட்டியாகி, தூசு படிந்து, பழுப்பேறிக் கிடந்தது. இழுத்துத் தரையில் போட்டார்.

அது தரையில் விழுந்ததுதான் தாமதம், மகாராணியின் தலை இறங்கியது. உதட்டை அகலப் பரப்பி வாய் கொள்ளாமல் அள்ளினாள். மெல்ல முடியாமல் மென்றாள், பாதி உருண்டையாகக் கீழே விழுந்தது, விழுந்ததையும் விடாமல் மறுபடி எடுத்தாள். தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. தூசுப் புல்லும் புதுப் புல்லும் அவளுக்கு ஒன்றாக இருந்தன. நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கி, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று பார்க்கிறமாதிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

குதிரைக்காரர் கையிலிருந்த வலையைப் பார்த்தார். ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டார். விரல் இறுக்கமாக நுழைந்தது. அந்த விரலை மடக்கி ஒரு இழை புல்லை உருவப் பார்த்தார், வரவில்லை. அவருடைய கைக்கே வரவில்லை.

இவளுக்கு உள்ளே எதுவும் அரிக்கவில்லை. இவளுக்குப் பசி. குளிர் தொடங்கியதிலிருந்து, மூக்குக்கு எட்டிய புல்லை வாய்க்கு எட்டாமல் வைத்து, அதன்மேல் தினம் ஒரு பிடி திணித்துவிட்டுப் போனது அவர்தான்.

வெளியே டாக்டரின் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வயதான குதிரை, வயதாகிப் போய்ச் சேர்ந்தது என்பார்கள், அவருக்கு ஆறுதல்கூடச் சொல்வார்கள். இந்த யோசனை அவருக்கு வராமல் இல்லை. வந்தது. வலையைக் கையில் பிடித்தபடியே சிமெண்டுத் தளத்துக்கு வந்து நின்றார்.

"ஊசி வேணாம்" என்றார்.

முதலாளியம்மா அவர் தோளைத் தொடப் போனார். "எனக்கும் மனசு கேக்கலண்ணே. ஆனா..."

"அதில்லம்மா. அவளுக்கு வியாதி இல்ல. பட்டினி. நான் போட்ட பட்டினி." வலையை நீட்டினார். "இதுல அவளால உருவ முடியாது. பல்லு இல்லாதவளுக்கு இதக் கட்டினது நான். அது நிறைஞ்சிருக்கறத தினம் பாத்தது நான். சாப்பிடறான்னு சொன்னதும் நான்தான்."

டாக்டர் விடுவிடுவென்று அறைக்குள் போனார். மகாராணி கடைசி இழைகளைத் தரையில் தேடிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பையை மூடினார். "புல்ல இனிமே இப்படிக் கொட்டாதீங்க. காஞ்சு கிடந்த வயிறு, ஒரேயடியா தாங்காது. பொடியா நறுக்கி, தண்ணில ஊறவெச்சு, கொஞ்சம் கொஞ்சமா, நாள் முழுக்கக் குடுக்கணும். பொழைப்பாளான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா ஊசி இன்னிக்கு இல்ல."

முதலாளியம்மா வலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. "நானும்தான் பாத்தேன், நிறைஞ்சிருக்குன்னு பெருமைப்பட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு. ஆனா நான் உங்கள நம்பித்தானே பாக்காம விட்டேன்?" என்றார். சேணக்காரியைக் கூப்பிட்டார். "இனிமே மகாராணி உன் பொறுப்பு. அண்ணன் மத்ததைப் பாக்கட்டும்."

"சரி" என்று சொல்லிவிட்டுக் குதிரைக்காரர் புல் கொட்டகைப் பக்கம் நடந்தார். ஒரு கட்டைப் பிரித்தார். பீப்பாயின் வலையில் ஒரு கை திணித்தார். இரண்டாவது கை எழவில்லை. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அப்படி நெஞ்சுக்குள் குத்த ஆரம்பித்தது. இத்தனை மாதமாகக் கட்டிலை நகர்த்தினார்கள், துணியை எடுத்துப் போனார்கள், எதற்கும் எதுவும் தோன்றவில்லை. இப்போது ஒரு கிழட்டுக் குதிரையை வேறு ஒருத்தி கையில் கொடுத்ததற்கு வலித்தது. தாங்கமுடியாமல் வலித்தது. புல்லைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

முதலாளியம்மா இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

"சரின்னு சொல்லிட்டேன். எனக்குச் சரியில்ல" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "அவ எனக்கு வேணும்."

"எப்படிண்ணே குடுக்கறது? முன்னாடி நின்னும் உங்களுக்குத் தெரியலையே."

"தெரியலதான். வீட்ல அவ போனதுலேர்ந்து எனக்கு எதுவும் தெரியல. சாப்பிட்டா ருசி தெரியல, நடந்தா தெரு தெரியல. எல்லாரும் தேறிட்டேன்னு சொன்னாங்க, நானும் அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன். இனிமே ஒழுங்கா இருப்பேன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ஆனா வாளிய வெச்சுட்டுப் போக மாட்டேன். அவ முழுங்கற வரைக்கும் பக்கத்துல நிப்பேன். இந்தப் பொண்ணு வந்து தினம் பாக்கட்டும், நீங்களும் பாருங்க."

அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி வெகுகாலமாகிவிட்டது. முதலாளியம்மா சேணக்காரியைப் பார்த்தார். "எனக்கென்ன, அண்ணனே குடுக்கட்டும். சாயங்காலம் நான் வந்து தொட்டுப் பாத்துக்கறேன்" என்றாள் அவள். அப்படித்தான் முடிவாயிற்று. மன்னிப்பு என்று யாரும் எதையும் சொல்லவில்லை.

நறுக்கி ஊறவைத்த புல்லை வாளியில் எடுத்துக்கொண்டு அவர் அன்று முழுக்க அந்த அறைக்கும் கொட்டகைக்குமாக நடந்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான். வாளியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அவள் மெல்லுவதையும், விழுங்குவது கழுத்தில் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் உதட்டில் நரைத்த முடி முளைத்திருந்தது. ஊறிய புல் வாசனை அடித்தது. வாசனை அடிக்கிறது என்று தனக்குத் தெரிவதை அவர் கவனித்தார்.

பிள்ளைகள் வட்டமடித்து முடித்து வீட்டுக்குப் போய்விட்ட பிறகு சேணக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குதிரைக்காரர் அசையாமல் நின்றிருந்தார். முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைக்க இரண்டு கையும் வாளியில் மாட்டியிருந்தன.

"என்னண்ணே, சாப்பிட மாட்டேங்கறாளா?"

"சாப்பிடறா."

"அப்புறம் என்ன?"

"என் பொண்டாட்டி செத்துப் போயிட்டா" என்றார் அவர், அப்போதுதான் செய்தி வந்ததுபோல.

சாவு விழுந்த அன்றைக்கு அவர் வீட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போனவள் சேணக்காரி. தெரியும் என்று அவள் சொல்லவில்லை. அவர் கையிலிருந்து வாளியை வாங்கி, மகாராணிக்கு எட்டுகிற உயரத்தில் பிடித்துக்கொண்டாள்.